ரொட்டிப் பையில் பனி

லெஸ்யா போகும் பள்ளிப் பேருந்தில் இரண்டு வாரமாக யாரும் பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஓட்டுநரே பேசவிடுவதில்லை என்றால் பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்?

ஓட்டுநரின் பெயர் வெண்டல் க்ரௌஸ். ஹார்லோ க்ரீக்கில் அவரைவிடப் பெரிய பனி ஹாக்கி ரசிகர் கிடையாது. இருப்பதாக யாராவது சொன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாதாட ஆரம்பித்துவிடுவார். ஊர் அணிக்குக் காட்டு முயல்கள் என்று பெயர். அதனால் பிளேஆஃப் தொடங்கிய அன்று, நீளமான இரண்டு காதுகள் வைத்த கம்பளிக் குல்லாயை எடுத்து மாட்டினார். அணி கோப்பையைத் தூக்கும்வரை, அல்லது தோற்று வெளியேறும்வரை, அதைக் கழற்றுவதில்லை என்று சபதம். தூங்கும்போதும் அந்தக் காதுகள் தலையணையில் கிடக்கின்றன என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் முதல் சுற்றிலேயே பக்கத்து ஊரான ப்ரென்ட்வில்லின் காட்டெருமைகளோடு மோதல். இந்தத் தொடரில் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். ஆளுக்கு மூன்று ஜெயித்தாகிவிட்டது. ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹார்லோ க்ரீக் பனி அரங்கில்.

எதிரணியில் பதினேழாம் எண் சட்டை போட்டவன் நெல்ஸ் தோர்சன். அவன் பேரை எடுத்தால் போதும், பேருந்து இரண்டு கட்சியாகிவிடும்.

ஜனவரிவரை நெல்ஸும் காட்டு முயல்தான். வெளியூரிலிருந்து ஆட வரும் பையன்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். நெல்ஸ் இருந்தது லெஸ்யாவின் வீட்டில். ஒரே சாப்பாட்டில் இருபத்தாறு பெரோகிக் கொழுக்கட்டை தின்று, லெஸ்யாவின் அம்மாவிடம் நல்ல பெயர் வாங்கியவன் அவன். பிறகு ஒரு நாள் அணி மேலாளர் அவனை ப்ரென்ட்வில்லுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு புது ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டார். பெட்டியைக் கட்டியபோது நெல்ஸ் தன் செருப்பை மட்டும் மறந்துவிட்டான். அது இன்னும் வாசற்கதவின் அருகே கிடக்கிறது. அம்மா அதை எடுக்கவில்லை.

அவனாகப் போகவில்லை, அனுப்பினார்கள் என்றது பேருந்தின் பின்பக்கக் கட்சி. போகமாட்டேன் என்று அழுது புரண்டிருக்க வேண்டாமா என்றது முன்பக்கக் கட்சி. முன்பக்கத்துக்குத் தலைவர் வெண்டல். அவருக்குத் துணை லெஸ்யாவின் வகுப்பு ஷெல்டன்.

வெள்ளிக்கிழமை காலை வெண்டல் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"போனதுகூடப் பரவாயில்லப்பா. போன வருஷம் பிளேஆஃப்ல அஞ்சு ஆட்டம் ஆடினானே, எத்தனை கோல் போட்டான்?"

"முட்டை!" என்றான் ஷெல்டன்.

"அதான். சாதா ஆட்டத்துல புலி. பிளேஆஃப் வந்தா ஆளைக் காணோம். பயந்தாங்கொள்ளி." வெண்டல் தலையை ஆட்ட, முயல் காதுகளும் சேர்ந்து ஆடின.

ஷெல்டன் லெஸ்யாவின் பக்கம் திரும்பினான். "நீ ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கற? உங்க வீட்டுல இருந்தவன்தானே? உனக்குத் தெரியாதா?"

லெஸ்யாவுக்குத் தெரியும். ஊரிலேயே அவளுக்கும் நெல்ஸுக்கும் மட்டும்தான் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

போன வருடம் பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில், பறந்து வந்த ரப்பர் வட்டை நெல்ஸ் காலால் தடுத்தான். அன்று அவன் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறுவதை லெஸ்யா பார்த்துவிட்டாள். இடது பாதம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதே. தெரிஞ்சா எதிரணி அந்தக் காலையே தேடித் தேடி அடிப்பாங்க" என்றான் அவன்.

ஹாக்கிக்காரர்கள் எல்லோருமே பிளேஆஃப் சமயத்தில் அடிபட்ட இடத்தை மறைப்பவர்கள்தான். அது லெஸ்யாவுக்கும் தெரிந்ததுதான். அதனால் அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பூட்ஸுக்குள் ஈரம் புகாமலிருக்க அந்த ஊர்ப் பிள்ளைகள் காலுறைக்கு மேல் ரொட்டிப் பையை மாட்டிக்கொள்வார்கள். லெஸ்யா தினமும் பள்ளி விட்டு வந்து அந்தப் பையைக் கழற்றி, கொல்லையில் பனியை அள்ளி நிரப்பி, அவன் காலில் வைத்துக் கட்டினாள். நெல்ஸ் அவளை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தான். ஐந்து ஆட்டமும் அந்தக் காலோடுதான் ஆடினான். அணி தோற்றது. பிறகு வெளியூர் ஆஸ்பத்திரியில் ரகசியமாகக் காட்டியபோதுதான் தெரிந்தது, பாதத்தில் எலும்பு உடைந்திருந்தது.

"இப்பவாவது சொல்லலாமா?" என்று லெஸ்யா கேட்டாள்.

"தோத்த பிறகு சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும், டாக்டர். நான் ஒரு தொடர் ஜெயிக்கறேன். அப்புறம் நீ தண்டோரா போட்டுக்கோ."

சத்தியம் செய்தாகிவிட்டது. இப்போது பாருங்கள் சங்கடத்தை. நெல்ஸ் ஜெயித்தால் லெஸ்யா உண்மையைச் சொல்லலாம், ஆனால் அவள் ஊர் வெளியேறிவிடும். ஊர் ஜெயித்தால் நெல்ஸ் பயந்தாங்கொள்ளியாகவே இருக்கவேண்டியதுதான்.

அன்று மாலை அவள் அம்மாவிடம், ஒரே ஆட்டத்தில் இரண்டு பேரும் ஜெயிக்க முடியாதா என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஹாக்கில அது கிடையாதும்மா. வேணும்னா ரெண்டு பேரும் அழலாம்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஊரே அரங்குக்குள் வந்துவிட்டது. மளிகைக்கடை பூட்டியிருந்தது. பாதிரியார் பிரசங்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சூடான சாக்லேட்டுக்கு வரிசையில் நின்றார். லெஸ்யா முயல் படம் போட்ட சட்டையோடு கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்றாள். நெல்ஸ் பனித்தளத்தில் கால் வைத்ததும் ஆயிரம் பேர் ஒன்றாக ஊளையிட்டார்கள். வெண்டலின் குரல் தனியாகக் கேட்டது. நெல்ஸ் தலையைத் தூக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் லெஸ்யா யாருக்குக் கைதட்டுவது என்பதையே மறந்துபோனாள்.

அவன் இப்படி ஆடி அவள் பார்த்ததே இல்லை. மூன்று முயல்கள் அவனைச் சுவரோடு சேர்த்து நெருக்கினார்கள். என்ன செய்தான் என்றே தெரியவில்லை, வட்டு அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஸ்கேட்டின் அலகு பனியைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. ஊளை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியிருந்தது. முயல்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடிய நாற்பது நொடி இருந்தபோது நெல்ஸ் தன் கோல் பக்கத்திலிருந்து தனியாகக் கிளம்பினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய மறுபக்கம் தட்டிவிட்டான். இரண்டுக்கு இரண்டு.

  லெஸ்யாவின் பக்கத்தில் நின்ற ஷெல்டன் மெதுவாக, "யம்மாடி" என்றான். சொன்னதை யாராவது கேட்டார்களா என்று உடனே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

கூடுதல் நேரம். யார் முதலில் கோல் போடுகிறார்களோ, அவர்களுக்கே தொடர். பத்து நிமிடம் போனது. முயல்கள் விடாமல் தாக்கினார்கள். வேகமாக ஒரு வட்டு பறந்து வந்தது. நெல்ஸ் அதற்குக் குறுக்கே விழுந்தான். இடது காலில் பட்ட சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற லெஸ்யாவுக்கே கேட்டது.

அவன் எழுந்தான். இடது கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. மறுபடி ஓர் அடி வந்தது. மறுபடியும் குறுக்கே விழுந்து, அதே காலால் தடுத்தான். இந்த முறை முழங்காலில்தான் நிற்க முடிந்தது. முழங்காலில் நின்றபடியே மட்டையை நீட்டினான். மூன்றாவது அடி மட்டைக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போய் வலையில் விழுந்தது.

முயல்கள் ஜெயித்துவிட்டார்கள்.

கூரை பறந்துவிடும்போலக் கூச்சல். லெஸ்யாவும் குதித்தாள். ஷெல்டன் அவளைக் கட்டிக்கொண்டான், அவளும் கட்டிக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் முழங்காலிலேயே இருந்த பதினேழாம் எண் கண்ணில் பட்டது. அவள் குதிப்பது நின்றுவிட்டது.

இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு அடித்துக்கொண்டாலும் தொடர் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுத்தான் போகவேண்டும். நெல்ஸும் வரிசையில் போனான், மட்டையை ஊன்றிக்கொண்டு. அதற்கு மேல் லெஸ்யா அங்கே நிற்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து வெளியே ஓடினாள். வாசலில் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றி, ரொட்டிப் பையை உருவினாள். சுத்தமான பனியாகப் பார்த்து அள்ளி நிரப்பினாள். காலுறை சொட்டச் சொட்ட நனைந்தது.

வெளியூர் அணி பேருந்துக்குப் போகும் வழியில், அரங்குக்குள்ளேயே இருந்த சிற்றுண்டிக்கடை அருகே, முயல் ரசிகர்கள் கூடியிருந்தார்கள். நடுவில் வெண்டல். நெல்ஸ் தோளில் பையோடு வந்தான். கூட்டத்தைக் கண்டதும் காலை நேராக வைத்து நடக்க முயன்றான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

லெஸ்யா அவன் முன்னால் போய் நின்றாள்.

"உக்காரு. ஷூவைக் கழட்டு."

"இங்கேயா?"

"இங்கேதான்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பாதம் அதே கத்தரிக்காய் நிறம். லெஸ்யா பையை வைத்து, அவன் மட்டைக்குச் சுற்றும் பட்டையை வாங்கி, கணுக்காலுக்கு மேலே இரண்டு சுற்று, குதிகாலுக்கு அடியில் ஒரு சுற்று சுற்றி, பல்லால் கடித்து அறுத்தாள்.  வெண்டல் குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கை பழகின மாதிரி இருக்கே. எங்க கத்துக்கிட்ட?"

"சொல்ல மாட்டேன், மிஸ்டர் க்ரௌஸ்."

"ஏன்?"

"இவன் இன்னும் ஒரு தொடர்கூட ஜெயிக்கல. அதுவரைக்கும் சொல்லக்கூடாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நெல்ஸ் கூரையில் எதையோ தேடுகிறவன்போல அண்ணாந்து பார்த்தான்.

வெண்டலின் உதடுகள் அசைந்தன. மனதுக்குள் போன வருடத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். "போன வருஷமும் இந்தக் கால்தானா?" என்றார். லெஸ்யா பட்டையின் நுனியை அழுத்தி ஒட்டினாள். "அஞ்சு ஆட்டமும்?"

"தோத்துட்டோமே, அவ்வளவுதான்" என்றான் நெல்ஸ்.

  வெண்டல் திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

திரும்பி வந்தபோது அவர் தலை வெறுந்தலையாக இருந்தது. பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து வெளிச்சமே காணாத நாலு முடி நெட்டுக்குத்தாக நின்றது. அணி இன்னும் கோப்பையை வாங்கவில்லை, தோற்கவும் இல்லை. ஷெல்டன் பதறிப்போய், "குல்லா! மிஸ்டர் க்ரௌஸ், உங்க சபதம்!" என்றான்.

"சபதம் கிடக்கட்டும்டா" என்றார் வெண்டல்.

நெல்ஸின் முன்னால் மண்டியிட்டு, கையில் ஏந்தி வந்த குல்லாயை லெஸ்யாவிடம் நீட்டினார். இரண்டு காதும் தொங்க, அதன் வாய்வரை புதுப் பனி நிறைந்திருந்தது.

"இந்தாங்க டாக்டர்," என்றார், "அந்தப் பை சீக்கிரம் கரைஞ்சுடும்."