குஞ்சுகள் அடையும் நேரம்

வேனைவிட்டு இறங்கி வந்த மாரிசெல்வி கொல்லைப்புறம் போய்ப் பார்த்தபோது, எட்டுக் கோழிக்குஞ்சுகளும் கூட்டுக்குள் அடைந்திருந்தன. கூட்டு வாசல் பலகையும் இறங்கியிருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பன்னிரண்டு நாளாக அவை அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பொழுது சாய்ந்தால் ஒன்று முருங்கையில் ஏறும், ஒன்று சுவரில் நிற்கும். இருட்டுக்கு மிரளுகின்றன என்று உள்ளே டார்ச் லைட்டை எரியவிட்டு, குருணை தூவி, "பா... பா... பா..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டிருக்கிறாள். ஒன்றுகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கடைசியில் ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டும்.

இன்றைக்கு யார் அடைத்தது?

சொர்ணத்தாய்தான். வேறு யார்?

சொர்ணத்தாய் அவளுக்கு ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. நடுச்சுவர் வைத்துப் பிரித்த வீட்டின் மறுபாதியில் இருந்தாள். பிள்ளை இல்லை, புருஷனும் வெளியூர் வேலையில். மாரிசெல்வி விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிவிடுவாள். புருஷன் சுடலைராஜ் லாரியில் போனால் வருவதற்கு வாரக்கணக்காகும். ஐந்து வயது பானுவைக் குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் சொர்ணத்தாய்தான். அதற்காக மாரிசெல்வி அவளைக் கையெடுத்துக் கும்பிட்ட காலமும் உண்டு. பிறகு ஒருநாள் ராத்திரி பானு, "ஒன் கையி தீப்பெட்டி மருந்து வாடை அடிக்கி. நான் பெரியம்மாகிட்டயே படுக்கேன்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளை தன் வீட்டில் தங்கவேண்டும் என்றுதான் மாரிசெல்வி எட்டயபுரம் சந்தையில் அந்தக் குஞ்சுகளையே வாங்கினாள். இப்போது குஞ்சுகளும் சொர்ணத்தாய்க்குத்தான் அடங்குகின்றன.

"எங்க குஞ்சுகள நீங்க எதுக்குக்கா அடைச்சிய?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள்.

சொர்ணத்தாய் விளக்குமாறும் கையுமாக நிமிர்ந்தாள். "நான் அங்கன வரவேயில்லயே. நீதான கூப்புட்ட? ஒன் சத்தம் கேட்டுச்சு. இன்னைக்கு நீ வெள்ளன வந்துட்டன்னுல்லா நெனச்சேன்."

பொய். முகத்தைப் பாரு, எப்படி அப்பாவி மாதிரி.

மறுநாளும் குஞ்சுகள் அடைந்திருந்தன. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் பானுவின் முழங்காலெல்லாம் கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. தலைமுடியில் சின்னச் சின்ன இறகுகள்.

"ஏட்டி, எங்க போய்ப் பெரண்ட?"

"கூட்டுக்குள்ள."

"யாரு ஒன்ன உள்ள விட்டது? பெரியம்மாவா?"

"இல்ல. அம்மா."

"எந்த அம்மா?"

பானு கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். "கூட்டுக்குள்ள இருக்க அம்மா. அவ மேல மருந்து வாடையே அடிக்காது."

மாரிசெல்விக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. "பெறாதவ, அடுத்தவ பிள்ளைய அம்மான்னு கூப்புடப் பழக்குதியளோ?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொர்ணத்தாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு குளத்தூருக்கு, பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். போகிறபோது, "அந்தக் கூட்டப் பிரிச்சுப் போட்டுரு செல்வி. நீ ஆபீசுக்குப் போன பொறகும் அதுக்குள்ள ஒன் சத்தம் கேக்கு" என்றாள். கண்கள் சிவந்திருந்தன.

எனக்கென்று ஒரு கோழிக்கூடு இருப்பதுகூட இவளுக்குப் பொறுக்கவில்லை என்று மாரிசெல்வி நினைத்துக்கொண்டாள்.

அன்று அவளுக்கு லீவு. சாயங்காலம் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் போய் நின்றாள். மேற்கே மேகம் இறங்கியிருந்தது. மத்தியானத் தூறலில் நனைந்த கரிசல் செருப்பில் அப்பி ஒவ்வொரு அடிக்கும் கனத்தது. எச்சத்தின் புளித்த நெடியும் ஈரமண் வாசமும் சேர்ந்து அசையாமல் நிற்க, எங்கோ ஆட்டுமந்தை ஊருக்குள் திரும்பும் சத்தம் மெல்லத் தேய்ந்து அடங்கியது. செங்கல்லும் சேறும் வைத்து, தகரம் போட்டு அவளே கட்டிய கூடு. இடுப்பு உயரம்தான். வாசல் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"பா... பா... பா..."

குஞ்சுகள் ஈரத்தில் கிளறிக்கொண்டே இருந்தன.

"பா... பா..."

ஒன்றும் அசையவில்லை. சொர்ணத்தாய் இல்லாமல் ஒரு நாளாவது தனக்கு அடங்காதா என்று குருணையை அள்ளி வீசினாள். அப்போதுதான் கேட்டது.

"பா... பா... பா..."

கூட்டுக்குள்ளிருந்து. அவள் குரல்.

அவள் குரலேதான். ஆனால் அவசரமில்லாமல், களைப்பில்லாமல், வெல்லம் கரைகிற மாதிரி. பானுவைத் தான் ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எட்டுக் குஞ்சுகளும் தலை தூக்கின. வரிசையாக நடந்தன. ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போயின.

"பானு..." என்றது குரல்.

"விடும்மா. அம்மா கூப்புடுதா."

"நாந்தாம்ட்டி அம்மா. இங்கன பாரு. நாந்தான்."

பிள்ளை கையை உருவிக்கொண்டது. ஓடியது. குனிந்தது. தலை உள்ளே போனது. தோள். இடுப்பு.

மாரிசெல்வி சேற்றில் விழுந்து எட்டிப் பிடித்தாள். கணுக்கால் கிடைத்தது. சூடாக. வழுவழுவென்று. மறுபக்கம் யாரோ இழுத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை. தூங்கும் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போடுவது போல, பக்குவமாக.

கை வெறுமையானது.

பலகை இறங்கியது. உள்ளேயிருந்து.

தினமும் ஒற்றைக் கையால் தூக்குகிற பலகை. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் பெயர்ந்தது. அசையவில்லை. தகரத்தைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. பானு, பானு என்று கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே மங்கலான வெளிச்சம். ஒரு மடி. அதில் பானுவின் கன்னம். எட்டுக் குஞ்சுகளும் பிள்ளையைச் சுற்றி ஒண்டிக் கண் மூடியிருந்தன. ஒரு கை அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக, ஒரே சீராக.

"அம்மா, வெளிய சத்தங் கேக்கு."

"எவளோ நிக்கா," என்றது மாரிசெல்வியின் குரல். "நீ தூங்கு."