மூன்று பேர் செய்த உதவி

முன் இடது சக்கரம் பதினெட்டே விநாடியில் நின்றுவிட்டது.

டிக்டிக் தன் நிறுத்துக் கடிகாரத்தை உலுக்கிப் பார்த்தாள். கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது. நேற்று மதியம் இதே சக்கரம் தொண்ணூற்றிரண்டு விநாடி சுற்றியது. நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள்.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் உருட்டுப் போட்டி!

டிக்டிக் என்பது அவளுடைய பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் நேரம் பார்ப்பாள். தம்பி வாண்டு பல் துலக்க எடுத்துக்கொள்வது பதினொரு விநாடி. தையல்காரரான அப்பா ஒரு பொத்தானைத் தைக்க நாற்பது விநாடி. அம்மா குளியலறையில் பாடும் நேரத்தை மட்டும் அளக்கக் கூடாது என்று வீட்டில் தடை போட்டிருந்தார்கள்.

உருட்டுப் போட்டியின் விதிகள் ரொம்ப எளிது. மேட்டுத் தெருவின் உச்சியிலிருந்து வண்டியை விட வேண்டும். மோட்டார் கூடாது. தள்ளக் கூடாது. காலை ஊன்றக் கூடாது. எந்த வண்டி அதிக தூரம் உருள்கிறதோ அதற்குத்தான் வெற்றி.

போன வருடம் அவளும் வாண்டுவும் ஏறிப் போன வண்டி பாதிச் சரிவிலேயே நின்றுவிட்டது. தெருவே சிரித்தது. வண்டியைத் தள்ளி ஓரம் கட்டியபோது டிக்டிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேல் போட்டியில் சேர முடியாது. அவளுக்கு அடுத்த மாதம் பதின்மூன்று பிறக்கிறது. இதுதான் கடைசி வாய்ப்பு.

அதனால் இந்த வருடம் விழுந்து விழுந்து வேலை பார்த்தாள். அம்மா ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பொறியாளர். பேரிங்குகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதிப்பது அவர் வேலை. ஒரு பெரிய வளையம், அதற்குள் ஒரு சின்ன வளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் எஃகுக் குண்டுகள். இதுதான் பேரிங். சோதனை முடிந்து கழித்துப் போட்ட பேரிங்குகளில் நல்லதாகப் பார்த்து, அனுமதி கேட்டு வாங்கி, நான்கு சக்கரங்களிலும் பொருத்தியிருந்தாள். எந்த எண்ணெய், எத்தனை சொட்டு என்று மூன்று வாரம் அளந்து பார்த்தாள். தையல் மெஷின் எண்ணெய், பேரிங்குக்கு இரண்டே சொட்டு. அதற்குத்தான் தொண்ணூற்றிரண்டு விநாடி கிடைத்தது.

இப்போது வெறும் பதினெட்டு!

டிக்டிக் படபடப்போடு அடுத்த சக்கரத்துக்குப் போனாள். எப்போதும்போல ஒரு முழ நூலை அதில் சுற்றி, ஒரே இழுப்பாக இழுத்து விட்டாள். முன் வலது சக்கரம் இருபத்தொரு விநாடி. பின் இடது சக்கரம் பதினாறு.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று முனகிக்கொண்டே பின் வலது சக்கரத்தைச் சுற்றினாள்.

அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றொன்று!

டிக்டிக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று சக்கரம் மந்தம். ஒன்று மட்டும் ஜோர். அது எப்படி?

நேற்று மதியத்திலிருந்து வண்டி வீட்டு நடையில்தான் நின்றது. பின் வலது பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. அந்தப் பக்கம் கை நுழையாது. அப்படியென்றால் கை எட்டிய சக்கரங்கள் மட்டும்தான் கெட்டுப்போயிருக்கின்றன!

அவள் முன் சக்கரத்தின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கொழகொழவென்று ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. நாலைந்து எறும்புகள் வேறு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"யாரு என் வண்டியைக் கெடுத்தது?" என்று கத்தினாள்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். தையல் மெஷினின் சத்தம் நின்றது. வாண்டு கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டான்.

"நான் கெடுக்கலையே" என்றார் அப்பா.

"நானும் இல்லப்பா" என்றார் அம்மா.

வாண்டுவின் கீழுதடு நடுங்கியது.

டிக்டிக்குக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த உதட்டைப் பார்த்ததும் சட்டென்று அடங்கிவிட்டது. இவன் போய் வண்டியைக் கெடுப்பானா? வண்டியில் ஏறப்போகும் ஆசையில் ஒரு வாரமாகத் தலைக்கவசத்தைக் கழற்றாமலே தூங்குகிறவன் ஆயிற்றே!

நான் கேட்ட கேள்விதான் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. குரலைத் தணித்துக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"சரி, என் வண்டிக்கு யாரெல்லாம் உதவி பண்ணீங்க?"

டக்கென்று மூன்று கைகள் உயர்ந்தன.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து சாயங்காலம் கொஞ்சம் மெஷின் எண்ணெய் விட்டேன்மா" என்றார் அப்பா. "நீ ரெண்டு சொட்டுதான் விடுறியேன்னு பாவமா இருந்துச்சு. சக்கரத்துக்கு அரை டப்பா விட்டேன்."

"நான் வெண்ணெய் வச்சேன்க்கா" என்றான் வாண்டு. "அன்னிக்கு அது தரையில விழுந்தப்போ வழுக்கிச்சுல்ல? அதான்."

"ஓ, எறும்பு அதுக்குத்தான் வந்துச்சா!" என்று சிரித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள் டிக்டிக். "அம்மா, நீ?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து நல்ல கிரீஸா கொண்டுவந்து, நிறைய அடைச்சேன்."

"நீயா! கிரீஸ் அதிகமானா என்ன ஆகும்னு எட்டு வருஷமா நீதானே ஆராய்ச்சி பண்ற?"

"ஆமாண்டி. அதிகமானா குண்டுங்க கிரீஸைத் தள்ளித் தள்ளியே களைச்சுப்போகும். பேரிங் சூடாகும், வேகம் குறையும்னு பக்கம் பக்கமா எழுதினவளே நான்தான்." அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆனா நேத்து உன் வண்டியைப் பார்த்ததும் ஒண்ணுமே ஞாபகம் வரல. போன வருஷம் நீ அழுத முகம்தான் ஞாபகம் வந்துச்சு."

டிக்டிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு இருபது!

"எல்லாரும் வாங்க!" என்று துள்ளி எழுந்தாள். "இப்பவும் உதவி பண்ணப் போறீங்க. ஆனா நான் சொல்றபடி!"

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அப்பா சக்கரங்களைக் கழற்றினார். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் அலசும் பொறுப்பு அம்மாவுக்கு. பழைய பல்துலக்கியால் தேய்த்தாள் டிக்டிக். வாண்டு விசிறி விசிறி உலர வைத்தான்.

"இது என்னுது, வெண்ணெய் வாசம் வருது!" என்றான் பெருமையாக.

கடைசியில் எண்ணெய்ப் புட்டி டிக்டிக்கின் கைக்கு வந்தது. ஒன்று. இரண்டு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது சொட்டு விழப் பார்த்தது. அப்பாவே பாய்ந்து துணியை நீட்டினார்.

சக்கரங்கள் மாட்டியாயிற்று. நூல் சுற்றி இழுத்தாயிற்று. தொண்ணூற்றைந்து விநாடி!

"ஏய்ய்ய்!" என்று வாண்டு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

பத்து மணிக்கு மேட்டுத் தெருவில் நிற்க இடமில்லை. தச்சரின் மகள் விட்ட வண்டி ரொட்டிக்கடை வாசல்வரை போயிருந்தது. இதுவரை யாருமே அவ்வளவு தூரம் போனதில்லை. கைதட்டல் ஓயவே இல்லை. அடுத்தது டிக்டிக்கின் முறை.

"கையை உள்ளே வச்சுக்கோ. ஆடாதே" என்றாள் பின்னால் உட்கார்ந்த தம்பியிடம்.

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

நடுவர் கொடியை இறக்கினார். வண்டி நகர்ந்தது. முதலில் மெல்ல, பிறகு விறுவிறுவென்று, அப்புறம் சர்ரென்று! மரங்கள் பின்னால் ஓடின. முகங்கள் பின்னால் ஓடின. போன வருடம் நின்ற இடம் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. சரிவு முடிந்து சமதளம் வந்தது. மற்ற வண்டிகள் தளர்ந்துபோன இடம் அது. இவர்களுடைய வண்டியோ சத்தமே இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

ரொட்டிக்கடை வந்தது. ரொட்டிக்கடையும் போனது!

"அக்கா! அக்கா! அக்கா!" வாண்டுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை.

அதற்கப்பால் வேடிக்கை பார்க்கக்கூட ஆளில்லை. இவ்வளவு தூரம் ஒரு வண்டி வரும் என்று யாரும் நினைக்கவே இல்லை. வெறிச்சோடிய தெருவில் அக்காவும் தம்பியும் மட்டும் மெல்ல மெல்லப் போனார்கள். ஒரு பூனை மட்டும் வழிவிட்டு உட்கார்ந்து பார்த்தது.

பின்னால் நடுவர் அளவு நாடாவோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும் தச்சரின் மகளும் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"நாடா பத்தாதும்மா! இன்னொரு நாடா வேணும்!" என்றார் நடுவர்.

"ஜெயிச்சுட்டோம்க்கா! இறங்கலாமா?" என்று கூவினான் வாண்டு.

டிக்டிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"இருடா. இன்னும் உருளுது!"