சொல்லிக்கொண்டு போனவள்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் கோதைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. மடியிலிருந்த கைப்பையின் மேல் இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் தட்டிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூட பேண்டில் சைடு டிரம் அடித்தவர்களுக்கு இந்த வியாதி ஆயுசுக்கும் போகாது. மேசை, டிபன் டப்பா, தூங்குகிற புருஷனின் முதுகு, எது அகப்பட்டாலும் தட்டுவார்கள்.

அவள் சமாதானம் பேசப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒருத்தி கூப்பிட்டனுப்பியிருந்தாள். அதைக் காதால் கேட்கத்தான் போகிறாள்.

"கௌசிகாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியலடி. ஒரே ஒரு தடவ உன்ன பாக்கணுமாம். அன்னிக்கி நடந்தத உன் மூஞ்சி பாத்து பேசணுமாம்" என்று கூடப் படித்த ரக்ஷிதா போனில் சொன்னதிலிருந்து கோதைக்கு வேலை ஓடவில்லை. அவள் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருப்பவள். இரண்டு யாத்திரிகர் குடும்பங்களுக்குச் சாவியை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள். இப்படியே இருந்தால் வேலை போய்விடும் என்று ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். சித்தூரில் அவர்கள் படித்த பள்ளிக்கூடத்து பேண்டில் சைடு டிரம் இரண்டே இரண்டு. ஒன்று கௌசிகாவுக்கு, ஒன்று கோதைக்கு. கௌசிகா கேள்வி கேட்கிற மாதிரி அடித்து நிறுத்துவாள். கோதை பதில் சொல்கிற மாதிரி அடிப்பாள். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் கூலிக்காரர் வீட்டுப் பெண் கோதை, வெள்ளைக் கையுறையும் சிவப்புப் பட்டியும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடமே பார்க்க முன்வரிசையில் நடப்பது என்றால் சும்மாவா? டிரம்மின் விளிம்பு இடித்து இடித்து இடது தொடை கன்றிப்போயிருக்கும். அந்த வலிகூட அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பத்தாவது படிக்கும்போது சுதந்திர தின அணிவகுப்புக்குத் திருப்பதியிலிருந்து அழைப்பு வந்தது. கடைசி ஒத்திகையில், எல்லா வாத்தியமும் ஒன்றாக நிற்க வேண்டிய இடத்தில், ஒரு அடி மட்டும் அதிகமாக விழுந்தது. யார் தப்பாக அடித்தது என்று மாஸ்டர் தெலுங்கில் கத்தினார். "எவரு தப்பு கொட்டிந்தி?" வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கோதையின் தோளிலிருந்து டிரம்மைக் கழற்றி, அதுவரை சிம்பல் என்கிற பித்தளைத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்த ரக்ஷிதாவின் தோளில் மாட்டினார்.

"கௌசிகாதான் தனியா போயி உன் பேர சொன்னா. என் காதால கேட்டேன்" என்று ரக்ஷிதா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவிடம் இதைச் சொல்லக் கோதைக்கு மனசு வரவில்லை. அவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அணிவகுப்பு அன்றைக்கு வேலைக்குப் போகாமல், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு திருப்பதி மைதானத்துக்கே வந்து நின்றார். கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் டிரம் இன்னொருத்தி இடுப்பில் ஆடிக்கொண்டு போவதைக் கோதை பார்த்தாள். "நீ ஏன் கண்ணு அதுல இல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார் நைனா. பிறகு கேட்கவேயில்லை. அவர் காலமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் கோதையின் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கௌசிகாவோடு அன்று நிறுத்திய பேச்சை அவள் மறுபடி தொடங்கவேயில்லை.

பஸ் ஸ்டாண்டில் ரக்ஷிதா ஸ்கூட்டியோடு நின்றாள். மத்தியானம்தான், ஆனால் மழை மூட்டம் போட்டுச் சாயங்காலம் மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிற ரக்ஷிதா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். இளைத்தும் போயிருந்தாள்.

"என்னடி, நீதான் நோயாளி மாதிரி கீற" என்றாள் கோதை.

"தூக்கம் இல்ல" என்றாள் ரக்ஷிதா.

கௌசிகாவின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. பழைய ஓட்டு வீடு. ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். கௌசிகாவின் அம்மா சென்னம்மா கதவைத் திறந்தார். கோதையைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"உன் பேரயே சொல்லிக்கினு இருந்தாம்மா" என்றார்.

'வா' என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூட நாட்களில் கோதை படி ஏறுவதற்குள் 'வா கண்ணு, வா கண்ணு' என்று பத்து தரம் கூப்பிடுகிறவர். இந்த அம்மாவுக்கும் நம் மேல் வருத்தம் போலிருக்கிறது என்று கோதை நினைத்துக்கொண்டாள். அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

"பின்னாடி ரூம்ல கீறா. வெளிச்சம் கண்ணு கூசுது அவளுக்கு. திரைய தொறக்காத, இங்க நின்னே பேசு" என்று ரக்ஷிதா கிசுகிசுத்தாள். அவள் வாசற்கதவை விட்டு ஓர் அடிகூட உள்ளே வரவில்லை.

கோதை மட்டும் போனாள்.

அறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் ஏதோ சின்ன வெளிச்சம். ஜீரோ வாட் பல்பு எரிகிறது போலும். சாம்பிராணி மணத்தது. காய்ந்த சாமந்தி மணத்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை. மழையில் நனைந்த டிரம் பெல்ட்டின் தோல் வாடை அது. எத்தனை வருஷமானாலும் அவளுக்கு அது தெரியும்.

டக்.

கோதை நின்றாள்.

டக். டக்.

"கோதையா?"

கௌசிகாவின் குரல்தான். பத்தாவது படிக்கும்போது இருந்த அதே குரல். அதற்கு மட்டும் வயசு ஏறவேயில்லை.

"நான்தான். எப்டி கீற?"

"இப்ப வலி இல்ல."

வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பேச்சு அத்தனையும் கோதைக்கு மறந்துபோனது. மிச்சம் நின்றது ஒன்றுதான். "எதுக்குடி என் பேர சொன்ன? எங்க நைனா முன்னாடி என்ன அப்டி நிக்க வெச்சிட்டியே. நான் உனக்கு என்னடி செஞ்சேன்?"

திரை லேசாக அசைந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது.

"தப்பு கொட்டினது நானு" என்றது குரல். "மாஸ்டர்கிட்ட போயி என் பேரத்தான் சொன்னேன். அதுக்குள்ள ஒருத்தி உன் பேர சொல்லி முடிச்சிட்டா. உன்ன காப்பாத்த நான் பொய் சொல்றேன்னு அவரு நெனச்சிக்கினாரு. உன்கிட்ட சொல்ல எத்தினி வாட்டி வந்தேன்? நீ மூஞ்சியே குடுக்கல."

"யாருடி சொன்னது?"

"வாசல்ல நிக்கிறாளே."

கோதை திரும்பிப் பார்த்தாள். வாசற்கதவருகே ரக்ஷிதா இல்லை.

கோதை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறந்தநாள் தவறாமல் போன் செய்தவள், கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவள், நைனா செத்தபோது ராத்திரியெல்லாம் கூட உட்கார்ந்திருந்தவள். அவளை நம்பி, தன்மேல் பிரியமாயிருந்த ஒருத்தியை ஒதுக்கிவைத்தாயிற்று.

உள்ளே கேள்வி அடி விழுந்தது. டரக் டரக் டம். விழுந்து, நின்றது.

கோதையின் விரல் முட்டி தானாகவே கதவு நிலையில் பதிலைத் தட்டியது. மறுபடி கேள்வி. மறுபடி பதில். இருவரும் அந்த அணிவகுப்புத் தாளத்தை முழுசாக அடித்து முடித்தார்கள். ஒரு அடி பிசகவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள்.

"மழை வருதுடி, பஸ்ஸு போயிடும். போய்ட்டு வரேன்."

கோதை கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

பிறகு, திரைக்கு மிக அருகில், அவள் முகத்துக்கு நேராக அந்தக் குரல் கேட்டது.

"எப்போ?"

போய்ட்டு வரேன் என்று சொன்னால் சரி என்பார்கள், பார்த்துப் போ என்பார்கள். எப்போ என்று யாரும் கேட்டதில்லை. "சீக்கிரமே வரேன்" என்றாள் கோதை.

பின்னால் சொம்பு விழுந்து உருண்டது. சென்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஐயோ, இந்த வீட்ல அந்த வார்த்தைய சொல்லலாமாம்மா? யார்கிட்ட சொன்ன?"

"கௌசிகாகிட்டதான் ஆன்டி."

சென்னம்மா ஒரே இழுப்பில் திரையை விலக்கினார். கட்டில் இல்லை. டிரம் இல்லை. தரையில் ஓர் அகல் விளக்கு, ஒரு தம்ளர் தண்ணீர். சுவரில் காய்ந்த மாலை போட்ட படம். படத்தில் கௌசிகா.

"அவ போயி மாசமாவுதேம்மா" என்றார் அந்தத் தாய். "துக்கத்துக்கு வந்தேன்னு இல்ல நெனச்சேன்? ரக்ஷிதா உன்கிட்ட சொல்லலியா?"

சாவு வீட்டில் வருகிறவரை 'வா' என்று கூப்பிடுவதில்லை. போகிறவர் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. பேசாமல் எழுந்து போவார்கள். பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாவு வீடு என்று தெரிந்தால்தானே வாயைக் கட்டுவாள் கோதை?

சந்து முனையில் ரக்ஷிதா ஸ்கூட்டியைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி துளையில் நுழையாமல் நழுவிக்கொண்டேயிருந்தது. கோதை அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"சொல்லிட்டியா?" என்று ரக்ஷிதாதான் முதலில் கேட்டாள். "வரேன்னு சொல்லிட்டியா?"

"அடிப்பாவி."

"அவள எடுத்த அன்னிக்கி வாய் தவறி நான் சொல்லிட்டேன்டி. பழக்கத்துல வந்திடுச்சி. 'போய்ட்டு வரேன் ஆன்டி'ன்னேன். ஆன்டி காதுல விழல, அவ காதுல விழுந்திடுச்சி. நான் போகல, அவ கூப்பிட வந்துட்டா. வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வருவா. மொதல்ல வாசல் கேட்டாண்ட. அப்புறம் ஹால்ல. போன வாரம் என் பொண்ணு கட்டில் பக்கத்துல நின்னுக்கினு கீறா. 'கோதை வருவாளா'ன்னுதான் எப்பவும் கேப்பா. அவள கூட்டியாறேன், என்ன உட்டுடுன்னு கால்ல விழுந்தேன். எனக்கு வேற வழி தெரியல."

"அன்னிக்கும் வேற வழி தெரியலியா உனக்கு?"

ரக்ஷிதா அழுதாள். அன்றைக்கு அழுத அதே அழுகை. அப்போது தன்னைக் கட்டிக்கொண்டு அழுதது கோதைக்கு நினைவு வந்தது. தோளை விட்டுவிட்டு மழையில் நடந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கைப்பையை அவள் தொடவில்லை. விரல்களை இறுக மடக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பாகாலாவில் ஏறியவர்களில் பலர் நின்றுகொண்டு வந்தார்களே தவிர, ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஏன் என்று கேட்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். புருஷன் ரகு சீக்கிரமே வந்துவிட்டிருந்தான். சாவு வீட்டுக்குப் போய் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சுடுதண்ணீர் உடம்பில் பட்டபோது கொஞ்சம் தைரியம் வந்தது. வாய் வார்த்தைதானே, அறியாமல் சொன்னதுதானே என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். ரகுவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாளைக்கே இருவருமாகக் கோயிலுக்குப் போய் வர வேண்டும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். ரகு அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். மூன்று தம்ளர் வைத்திருந்தான்.

"மூணு எதுக்குங்க?"

"ஏன், உன் ஃப்ரெண்டுக்கு வேணாவா? மழையில நனஞ்சிட்டு வந்துக்கீறாங்க, பாவம். நீ குளிச்சிக்கினு கீறன்னு சொல்லி உக்கார வெச்சிக்கீறேன்."

கோதை அவன் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவன் ஹால் பக்கம் தலையை நீட்டி, விருந்தாளியிடம் பேசுகிற மரியாதைக் குரலில் கேட்டான்.

"சக்கர போடலாங்களா?"

ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டான். கோதைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

"டீயே வேணாமாம். நேரமாவுதாம், நீ கெளம்பிட்டியான்னு கேக்கறாங்க."