பூசைக்கு வைத்த மிருதங்கம்

இனியாவுக்குக் கோபம் வந்தால் விரல்கள் சும்மா இருக்காது. கையில் எது கிடைத்தாலும் அதில் தாளம் போட ஆரம்பித்துவிடும். சாப்பாட்டு மேசை, பேருந்து இருக்கை எல்லாம் அடி வாங்கியிருக்கின்றன. அப்பாவின் தலைகூடத் தப்பியதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடையின் கண்ணாடிக் கதவு அடி வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஆட்களும் இருந்தார்கள். கதவைத்தான் யாரும் திறக்கவில்லை.

"மெதுவா தட்டும்மா, கண்ணாடி உடைஞ்சிடப் போகுது," என்றார் அப்பா கோவிந்தசாமி.

அப்பா எம்ஆர்டி ரயில்களைப் பழுது பார்ப்பவர். யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தால், "பாவம், ஏதோ அவசரம் போல" என்று அவருக்காக இவரே காரணம் கண்டுபிடிப்பார்.

"மூணு மாசமா மெதுவாத்தான் கேட்டுக்கிட்டிருக்கோம் அப்பா," என்றாள் இனியா.

அது உண்மைதான்.

அந்தக் கடை ரத்னவேல் மாமாவுடையது. வீணை, வயலின், மிருதங்கம், ஆர்மோனியம் எல்லாம் விற்பார். ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசை அன்று, இசை பழகும் பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் வாத்தியங்களை அவர் கடைக்குக் கொண்டுவருவார்கள். உறையைக் கழற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். பூசைக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எல்லாரும் வந்து, ஆளுக்கொரு பாட்டு வாசித்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்த முறை மறுநாள் காலை கடை திறக்கவே இல்லை. ரத்னவேல் மாமா தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார்.

இனியா அன்று நிறைய அழுதாள். பூட்டிய கடைக்குள் தன் மிருதங்கம் மாட்டிக்கொண்டது அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதைப் பற்றிப் பேசுவது தப்பு என்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டபோது, "கோர்ட் பேப்பர் வரணும். அதுவரைக்கும் யாரும் கடையைத் திறக்க முடியாது" என்றார்கள். சரி என்று பொறுத்துக்கொண்டாள். மூன்று மாதமும் தலையணையில்தான் வாசித்துப் பழகினாள். தலையணை நன்றாக இளகியது. வாசிப்புதான் அப்படியே நின்றது.

நேற்றுதான் செய்தி வந்தது. கடையைத் திறந்துவிட்டார்களாம். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு வியாபாரி லாரியோடு வந்து, உள்ளே இருக்கும் எல்லா வாத்தியங்களையும் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகப் போகிறாராம்.

எல்லா வாத்தியங்களையும் என்றால் இனியாவின் மிருதங்கத்தையும் சேர்த்துத்தான்!

வாசலில் அவர்களுக்கு முன்பே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் கறுத்த முகம், கையில் தூக்குப்பை. பெயர் மாசிலாமணி. துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை, அங்கேயே தங்கும் விடுதி.

"என்னோட உறுமி உள்ள இருக்கு பாப்பா. விடுதியில பூசை போட இடமில்லைன்னு இங்க கொண்டாந்து வச்சேன். தைப்பூசத்துக்கு எங்க செட்டோட வாசிக்கணும். நேத்தே வந்தேன், உள்ள இருக்கிறவரு போகச் சொல்லிட்டாரு. இன்னிக்கு லீவு சொல்லிட்டு மறுபடி வந்திருக்கேன்," என்றார்.

கதவு திறந்தது. இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் நின்றார். அவர்தான் அசோக், ரத்னவேல் மாமாவின் அக்கா மகன். மாமாவுக்குக் கல்யாணமாகவில்லை. அதனால் கடைக்கு இப்போது அசோக்தான் வாரிசு.

"மறுபடியுமா?" என்று மாசிலாமணியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "நீங்களும் 'என்னோடது'ன்னு சொல்லத்தான் வந்திருக்கீங்களா? நேத்திலேருந்து எட்டு பேர் லா! மாமா இருந்தப்ப இவ்ளோ பேரை நான் பார்த்ததே இல்ல."

'நீங்கள் வந்தால்தானே பார்த்திருப்பீர்கள்!' என்று இனியாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பா அவள் தோளை அழுத்தினார்.

"பொண்ணோட மிருதங்கம் சார். பூசைக்கு வச்சது," என்றார் அப்பா பணிவாக.

"ரசீது இருக்கா?"

அவ்வளவுதான். இனியாவால் பொறுக்க முடியவில்லை.

"சாமி முன்னாடி வைக்கிறதுக்கு யாராவது ரசீது வாங்குவாங்களா அங்கிள்?"

கடைக்குள் மேசையில் கணினியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவர் கதீஜா, வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வந்தவர். ரத்னவேல் மாமா விட்டுப்போன பொருட்களுக்குப் பட்டியல் போடுவது அவர் வேலை. அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதையும் விற்க முடியும்.

"அவங்களை உள்ள விடுங்க மிஸ்டர் அசோக். என்ன விஷயம்னு கேட்போம்," என்றார் அவர்.

உள்ளே போன இனியா திகைத்து நின்றாள். சாமி படத்தின் முன் அடுக்கிய வரிசையைக் காணோம். பூசைக்கு வைத்தவை, விற்பனைக்கு வந்தவை எல்லாவற்றையும் கலந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஆறு மிருதங்கங்கள். எல்லாம் பளபள என்று மின்னின.

"உறையெல்லாம் எங்கே? என் உறையில என் பேரும் வகுப்பும் எழுதியிருந்துச்சே!"

"மூலையில ஒரு துணிக்குவியல் கிடந்துச்சு. தூக்கிப் போட்டாச்சு," என்றார் அசோக், கொஞ்சமும் கூசாமல்.

"பொட்டு? சந்தனம், குங்குமம் எல்லாம்?"

"நான்தான் ஆள் வச்சுத் துடைக்கச் சொன்னேன். அழுக்கா இருந்தா வாங்குறவர் என்ன நினைப்பார்?"

பூசைப் பொட்டை அழுக்கு என்கிறாரே! இனியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விரல்கள் அவள் தொடையிலேயே தாளம் போட்டன. அப்பா அவசரமாகத் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பள்ளி விழாவில் இனியா மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கும் படம்.

"இந்த மாதிரி ஆறு இருக்கு. இதுதான்னு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார் அசோக். பிறகு மாசிலாமணியை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு விடுதியிலேருந்து பஸ் பிடிச்சு எல்லாரும் வந்து நிப்பாங்க. கடை காலியாகுதுன்னு தெரிஞ்சா சும்மா வாங்கிட்டுப் போக ஆளுக்கா பஞ்சம்?"

மாசிலாமணி தூக்குப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். லீவு சொல்லிவிட்டு, சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வந்த மனிதரைத் திருடன் என்று சொல்லாமல் சொல்கிறார் ஒருவர். அதற்கு இவர் தலை குனிய வேண்டியிருக்கிறது. என்ன அநியாயம் இது!

"விடும்மா," என்று அப்பா மெல்ல இழுத்தார். "அப்பா புதுசு வாங்கித் தரேன்."

"எனக்கு மட்டும் வாங்கித் தருவீங்க. அந்த அங்கிளுக்கு யார் வாங்கித் தருவாங்க?"

அப்பா இழுத்த கையை விட்டார்.

இனியா மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். கத்தினால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அசோக் சொன்னதை மறுபடியும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அங்கிள், துடைக்கச் சொன்னீங்களே, எல்லாத்துலயுமா பொட்டு இருந்துச்சு?"

"இல்ல. சிலதுல இருந்துச்சு, சிலதுல இல்ல. அதுக்கென்ன?"

"அதான்!" இனியா கதீஜாவிடம் ஓடினாள். "ஆண்ட்டி, விக்கிறதுக்கு வச்சிருக்கிற புது வாத்தியத்துல ரத்னவேல் மாமா பொட்டே வைக்க மாட்டாங்க. யார் வாங்குறாங்களோ அவங்க கையாலதான் முதல் பொட்டு வைக்கணும்னு சொல்வாங்க. என்னோடது வாங்கினப்பவும் நான்தான் வச்சேன். பொட்டு இருந்ததுன்னா அது வேற ஒருத்தரோடது!"

"ஆமாங்க. யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்வாரு," என்றார் மாசிலாமணி. அவர் குரல் இப்போதுதான் வெளியே வந்தது.

அசோக் சிரித்தார். "நல்ல கதை லா. இப்போ எதுலயும் பொட்டு இல்லையே. என்ன செய்யப் போறே?"

இனியா சுவரோரம் போய் உட்கார்ந்தாள். மிருதங்கத்தின் இரண்டு பக்கத் தோலையும் இழுத்துக் கட்ட, மேலிருந்து கீழாக நெருக்கமாகத் தோல் வார்கள் ஓடும். துடைத்தவர்கள் வாருக்கு மேலேதான் துடைத்திருப்பார்கள். ஒவ்வொரு வாரையும் தூக்கிவிட்டா துடைத்திருப்பார்கள்?

தன் பையிலிருந்து ஈரத்தாள் ஒன்றை எடுத்தாள். அதன் ஓரத்தைச் சுருட்டி முதல் மிருதங்கத்தின் வாருக்கு அடியில் நுழைத்து இழுத்தாள். தாள் வெள்ளையாகவே வந்தது. இரண்டாவதும் வெள்ளை. அசோக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவதும் வெள்ளை.

நான்காவதில் இழுத்தபோது தாள் மஞ்சளும் சிவப்புமாக வந்தது.

"ஆண்ட்டி!"

கதீஜா எழுந்தே வந்துவிட்டார். அப்பா கைப்பேசி விளக்கை அடித்தார். வாருக்கு அடியில் மரத்தின் மேல் குங்குமக் கறை அப்படியே ஒட்டியிருந்தது.

"பொறுங்க. ஒண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. எல்லாத்தையும் பார்ப்போம்," என்றார் கதீஜா.

எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வயலினின் பின்புறம், வீணையின் தந்திகளுக்கு அடியில், ஆர்மோனியக் கட்டைகளின் இடுக்கில் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ரயில் சக்கரத்தில் விரிசல் தேடிப் பழகிய அப்பாவின் கண்ணுக்கு ஒரு துளி மஞ்சளும் தப்பவில்லை. முப்பது வாத்தியங்களில் கறையே இல்லை. பதின்மூன்றில் இருந்தது.

"சரி, இதெல்லாம் பூசைக்கு வந்ததுன்னே வச்சுக்குவோம்," என்றார் அசோக் விடாமல். "யாரோடது எதுன்னு எப்படித் தெரியும்? யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் கைகாட்டலாமே?"

"பொட்டு வச்சவங்களுக்கு எங்கே வச்சோம்னு தெரியுமே," என்றாள் இனியா. "பார்க்காமலே சொல்லட்டும். அப்புறம் பார்த்துச் சரியான்னு சொல்லுங்க."

கதீஜா புன்னகையை அடக்கிக்கொண்டு, "முதல்ல நீ சொல்லு" என்றார்.

இனியா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "வயித்துப் பக்கம் மூணு, வரிசையா. அதுக்குக் கீழே ஒண்ணு. அது மட்டும் கோணலா இழுத்துக்கிட்டு இருக்கும். வைக்கும்போது தும்மல் வந்துடுச்சு."

கறை இருந்த மிருதங்கங்கள் மொத்தம் மூன்று. கதீஜா ஒவ்வொன்றின் வார்களையும் விலக்கிப் பார்த்தார். இரண்டாவதில் மூன்று பொட்டு வரிசையாக இருந்தது. கீழே ஒன்று, வால் முளைத்ததுபோல் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"தும்மல் பலமான தும்மல்தான்," என்றார் கதீஜா.

மாசிலாமணியும் சுவர்ப் பக்கம் திரும்பினார். "உறுமிக்கு இடுப்பு சின்னதா இருக்குமுங்க. அந்த இடுப்புல, கயித்துக்கு அடியில ஒரே ஒரு பொட்டு. ஊர்ல என் மக பிறந்த நாளு அன்னிக்கு. அவ பேரைச் சொல்லி வச்சேன்."

கயிற்றை விலக்கினார்கள். ஒரே ஒரு பொட்டு இருந்தது.

கதீஜா மேசைக்குப் போய்ப் பட்டியலிலிருந்து பதின்மூன்று வரிகளை நீக்கினார். "இறந்தவரோட பொருளைத்தான் விற்க முடியும், மிஸ்டர் அசோக். இதெல்லாம் அவரோடது இல்ல. லாரி வரட்டும், முப்பதை ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

அசோக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி சரி, எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அப்பா மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டார். இனியா நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?" என்றார் அசோக்.

"அந்த அங்கிள்கிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

மாசிலாமணி, "பரவால்ல பாப்பா, விடு" என்றார். இனியா விடவில்லை. அதைவிட ஆச்சரியம், அப்பாவும் விடவில்லை. மிருதங்கத்தைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொல்லிடுங்க சார்," என்றார் அப்பா. "நாங்க காத்திருக்கோம்."

அசோக் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க அண்ணே."

மாசிலாமணி தலையை ஆட்டிவிட்டு உறுமியைத் தோளில் மாட்டினார்.

மீதிப் பேருக்கு அறிவிப்பு எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும் என்றார் கதீஜா. அசோக் ஒரு தாளை எடுத்து, 'ஆதாரத்துடன் வரவும்' என்று ஆரம்பித்தார். இனியா எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், வேற தாள் எடுங்க."

"ஏன்?"

"திருப்பி அனுப்பினது நீங்க. முதல்ல அதை எழுதுங்க."

அசோக் கதீஜாவைப் பார்த்தார். கதீஜா கணினியில் மும்முரமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அசோக் புதுத் தாளில் எழுதினார்: 'பூசைக்கு வைத்த உங்கள் வாத்தியங்கள் பத்திரமாக இருக்கின்றன. உங்களைத் திருப்பி அனுப்பியது எங்கள் தவறு. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.'

இனியா அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிறகு முக்காலியில் ஏறி, பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் கதவில் ஒட்டினாள். நான்கு மூலைக்கும் நான்கு டேப் போட்டாள். அசோக் அங்கிளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நடுவிலும் ஒன்று அழுத்தி ஒட்டினாள்.