பின்பக்க லிஃப்ட்

"இந்தச் சட்டையை இன்னைக்குத்தான் வாசல் கொடியில காயப் போடணுமா?" என்று கேட்டாள் மாமியார்.

காலை ஏழு மணி ஆகவில்லை. எத்தனை முறை துவைத்தாலும் கிரீஸ் கறை போகாத அந்த நீலச் சீருடைச் சட்டை, மாமியாரின் இரண்டு விரல்களுக்கு நடுவே செத்த எலிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. மருமகள் அதை வாங்கி, ஈரத்தோடு உள்ளறைக்குக் கொண்டுபோனாள்.

தெருவில் அவளை எல்லோரும் லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக மெக்கானிக். அதற்கும் முன்னால் எலக்ட்ரீஷியன் படிப்பில் வகுப்பிலேயே முதலாக வந்தவள். ஆனால் கல்யாணமாகி வந்த மறுநாளே, "வயரும் ஸ்க்ரூ டிரைவரும் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று மாமியார் முடித்துவிட்டாள். அச்சகத்தில் வேலை பார்த்த கணவனின் வலது கை இயந்திரத்தில் சிக்கி நசுங்கும்வரை அந்தப் பேச்சு செல்லுபடியானது. அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போனாள், அவன் அடுக்களைக்குள் போனான். அவனுடைய தங்கை சிட்டுவுக்கு அப்போது பதினான்கு வயது. இப்போது கல்லூரி விரிவுரையாளர்.

சிட்டு தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரை விரும்பினாள். வசதியான குடும்பம். ஆறு மாடிக் கட்டிடம் அவர்களுக்கே சொந்தம். அவருடைய அப்பா, அம்மா இன்று முதல் முறையாக வீட்டுக்கு வருகிறார்கள்.

"நல்லாக் கேட்டுக்க" என்றாள் மாமியார், அறை வாசலில் நின்றபடி. "லிஃப்ட் கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கறது என் மகன். நீ வீட்டைப் பாத்துக்கற. அவ்வளவுதான்."

"அத்தை…"

"மருமக மெக்கானிக்கு, மகன் சமையக்கட்டுல இருக்கான்னு சொன்னா, வந்த கால் ஆறுறதுக்குள்ள எழுந்து போயிடுவாங்க. பொண்ணு வாழ்க்கை உனக்கு விளையாட்டா?"

லிஃப்ட்டக்கா சிட்டுவைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "ஒரு நாள்தானே அண்ணி… அவங்க வேற மாதிரி ஆளுங்க. அப்புறமா மெல்லச் சொல்லிக்கலாம்" என்றாள் கண்ணாடியிடம்.

அது சுருக்கென்று தைத்தது. மாமியார் சொன்னால் தாங்கிக்கொள்ளலாம்… பரீட்சைக் காலத்தில் மடியில் படுத்துத் தூங்கிய பெண் சொல்கிறாள்.

அடுக்களையில் கணவன் கேக்குக்காக இடது கையால் முட்டை அடித்துக்கொண்டிருந்தான். "நான் சூப்பர்வைசரா? எனக்கு லிஃப்ட்டுல பட்டன் அமுக்க மட்டுந்தான் தெரியும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு அவர்கள் மகனோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கம்பீரமான மனிதர், கணீரென்ற குரல். அம்மா அளந்து பேசுபவர். கேக்கை ஒரு வாய் சாப்பிட்டதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

"நீங்க செஞ்சதா? இவ்வளவு மிருதுவா எப்படிம்மா வந்துச்சு?"

"சும்மா… ஒரு கண்ணளவுதாங்க" என்றாள் லிஃப்ட்டக்கா. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தான் செய்த கேக்குக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதைக்கூட வாங்கிக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க லிஃப்ட் விஷயத்துல பெரிய ஆளாமே" என்று பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். "எங்க கட்டிடத்துல முன்பக்க லிஃப்ட் பிரமாதமா ஓடுது. பின்பக்கம் ஒண்ணு இருக்கு, வேலைக்காரங்க போக வர. அதுல மூணாவது மாடிக் கதவு மட்டும், லிஃப்ட் வேற மாடியில நின்னாலும் திறந்துக்குது. யாரோ ஒருத்தன் வந்து என்னவோ பண்ணிட்டுப் போனான், இப்ப ஓடுது. அப்படியே விட்டுடலாமில்ல?"

"ஓடுதுன்னா… விடலாங்க" என்றான் கணவன்.

லிஃப்ட்டக்கா கையில் டீத் தட்டோடு அங்கேயே நின்றாள். மாமியார் கண்ணாலேயே அதட்டினாள். உள்ளே போ… போய்விடலாம்தான். அந்தக் கதவைத் தினமும் திறக்கிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருந்தால்.

தட்டை மேசைமேல் வைத்தாள்.

"விடக் கூடாதுங்க. கதவுப் பூட்டு கெட்டுப்போனா லிஃப்ட் நகரவே கூடாது. நகருதுன்னா, பூட்டு நல்லா இருக்குன்னு மெஷினை நம்ப வைக்க யாரோ ஒரு துண்டு ஒயரைச் சொருகி வெச்சிருக்காங்க. கதவைத் திறந்தா லிஃப்ட் இருக்காது, பள்ளந்தான் இருக்கும். இப்பவே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க."

பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரரே விடலாங்கறாரு…"

"அவருக்குத் தெரியாது. மெக்கானிக் நான்தான். பன்னிரண்டு வருஷமா நான்தான். இந்தக் கேக்கைச் செஞ்சது அவர்."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது பல மாசமா அப்படித்தான் ஓடுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார் பெரியவர், கொஞ்சம் கறாராக.

"அதுல உங்க வீட்டு ஆளுங்க ஏறுறாங்களா?"

மாப்பிள்ளை போனை எடுத்து, காவலாளியை அழைத்து, பின்பக்க லிஃப்டை நிறுத்தச் சொன்னான். அவனுடைய அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இப்படி மறைச்சுப் பேசியிருக்க வேண்டாம்" என்றாள் மாமியாரைப் பார்த்து.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கெடுத்துட்டா… என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டா…"

லிஃப்ட்டக்கா உள்ளறைக்குப் போய் ஈரம் காயாத சீருடையை மாட்டினாள். பின்னாலேயே வந்த சிட்டுவின் கண்கள் சிவந்திருந்தன.

"ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா அண்ணி? எனக்காக…"

"உனக்காக எவ்வளவோ நேரம் மூடிக்கிட்டு இருந்திருக்கேன் சிட்டு. உங்கம்மா என் கறை பட்ட கையால தண்ணி வாங்கிக் குடிக்காதப்ப மூடிக்கிட்டு இருந்தேன். என்னைப் பத்திப் பொய் சொன்னீங்க, அதுக்கும் மூடிக்கிட்டுதான் இருந்தேன். ஆனா வேற ஒருத்தி உயிருக்கு என்னால மூடிக்கிட்டு இருக்க முடியாது." பட்டனைப் போட்டாள். "நான் போய்ப் பாத்துட்டு வரேன். நீ வர வேண்டாம்."

கூடத்தில் கணவன் கருவிப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். "நான் தூக்கிட்டு வரேன்" என்றான். அம்மாவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

வர வேண்டாம் என்றதைக் கேட்காமல் சிட்டுவும் பின்னால் வந்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் கூடவே வந்தார்கள்.

அவர்களுடைய ஆறு மாடிக் கட்டிடத்துக்கு முன்வாசல் முழுக்கப் பளிங்கு. கட்டிடத்தின் பின்புறத்தில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே இருந்தது அந்த லிஃப்ட். லிஃப்ட்டக்கா முதலில் மொட்டைமாடியில் இருந்த இயந்திர அறைக்கு ஏறி மின்சாரத்தைத் துண்டித்தாள். அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்து, எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னாள். லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. ஒரு விரலால் இழுத்தாள், கதவு திறந்துகொண்டது.

உள்ளே இருட்டு. கம்பிகள் மட்டும் தொங்கின. டார்ச்சைக் கீழே காட்டியபோது வெளிச்சம் எங்கோ ஆழத்தில், லிஃப்டின் கூரைமேல் விழுந்தது. பூட்டின் மூடியைக் கழற்றினாள். இரண்டு முனைகளை இணைத்துச் செருகிய ஒரு விரல் நீளச் சிவப்பு ஒயர். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் அங்கே இருந்தது.

பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்த ஒரு பெண் நின்றாள். அந்த மாடியில் வீட்டு வேலை செய்பவள். "இந்தக் கதவாக்கா? எங்களுக்குத் தெரியும். நாங்க முதல்ல ஒரு காலை நீட்டித் தட்டிப் பாப்போம். தரை இருந்தா ஏறுவோம்" என்றாள், சாதாரணமாக.

சிட்டு அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள். பிறகு, இருட்டுப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு உள்ளே சாய்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம்… ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நின்றிருக்கிறாள். வேலை எப்படிப் போச்சு அண்ணி என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அங்கிள்" என்று பெரியவரிடம் போனாள். "காலையில சொன்ன பொய்யில எனக்கும் பங்கு இருக்கு. இவங்க என் அண்ணி. இவங்க இப்படித் தொங்கித் தொங்கி வேலை பாத்துதான் நான் படிச்சேன். எங்க அண்ணன் சமைச்சுப் போட்டுதான் காலேஜ் போனேன். இதுக்கு வெட்கப்பட்டேன் பாருங்க, அதுதான் எனக்கு வெட்கமா இருக்கு. இதுக்கப்புறம் நீங்க வேண்டாம்னு சொன்னாலும் சரி."

லிஃப்ட்டக்கா கதவை மூடி, குறுக்கே கட்டையை வைத்துக் கட்டினாள். அவள் நிமிர்வதற்குள் சிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி…"

"விடு, புதுத்துணி. கிரீஸ் ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும்."

இருவருமே அழுதார்கள். கணவன் கருவிகளைத் துடைத்துப் பையில் வைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெரியவர் லிஃப்ட்டக்காவின் அருகில் வந்தார். "இப்ப என்னம்மா செய்யணும்?" அந்த 'அம்மா'வில் காலையிலிருந்த எகத்தாளம் இல்லை.

"புதுப் பூட்டு மாட்டிச் சோதிக்கிறவரைக்கும் இது ஓடக் கூடாது. வேலை செய்றவங்க முன்பக்க லிஃப்ட்ல போகட்டும்."

அவர் தயங்கினார். மற்ற மாடிக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடியது.

"போகட்டும்" என்றாள் அவர் மனைவி. துணிக்கூடைக்காரியின் பக்கம் திரும்பினாள். "வா, என்கூடவே வா." பிறகு லிஃப்ட்டக்காவின் கணவனைப் பார்த்து, "அந்தக் கேக்கை எப்படிச் செய்யறதுன்னு எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

"முட்டையை நல்லா அடிக்கணுங்க, அதுதான் விஷயம்" என்று அவன் அங்கேயே ஆரம்பித்துவிட்டான்.

அவர்கள் வீடு திரும்பியபோது மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் சிட்டு ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் மாமியார் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தினம் அப்படித்தான் உள்ள சாஞ்சு நிப்பியா?"

"ஆமா அத்தை."

"பயமா இருக்காதா?"

"ஆரம்பத்துல இருந்துச்சு."

மாமியார் எழுந்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள், தானே குடிக்காமல் மருமகளிடம் நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றாள். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கிழவியின் வாயில் வரவில்லை, வரவும் வராது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வந்தார்கள். கூடவே நாலைந்து உறவினர்கள். அவர்களில் ஒருத்தி, "மருமக என்ன பண்றா?" என்று கேட்டாள்.

மாமியார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் மெக்கானிக். வேலையில இருக்கா. நாங்க எல்லாரும் அவளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். அவ வந்தப்புறந்தான் பேச ஆரம்பிக்கணும்."