மறுப்பாசானும் இசக்கித்தாயும்

"உப்பு முற்றிய தண்ணீரில் எந்த உயிரும் பிழைக்காது," என்றார் மறுப்பாசான்.

"சரிங்க சார்," என்றாள் இசக்கித்தாய்.

வகுப்பே தலையில் கை வைத்துக்கொண்டது. உப்பளப் பாத்திகளில் வாழும் நுண்ணுயிர்களைத்தான் அவள் ஆராயப் போகிறாள். அந்த ஆய்வுப் படிப்புக்கு இடம் வாங்கத்தான் இந்தக் கோடை முகாமுக்கே வந்திருக்கிறாள்.

மறுப்பாசான் ஓர் இயந்திரம். நரைத்த தலையும் தொண்டைக் கனைப்புமாக, ஒளியுருவில் தோன்றும் பேராசிரியர். வேண்டுமென்றே தப்பாகப் பேசுவார்; மாணவர்கள் மறுத்துக் காரணம் சொல்ல வேண்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் நேர்காணல்களில் தோற்பது அறிவுக் குறைவால் அல்ல, பெரியவர்களை எதிர்த்துப் பேச வாய் வராததால்தான் என்று தெரிந்தபின் அவரை உருவாக்கினார்கள். அவர் தேர்ச்சி கொடுத்துவிட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால் ஊருக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான்.

மற்ற பிள்ளைகள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். ஒருவன் விடுதிச் சமையல்காரரிடமே போய், இது சாம்பார் இல்லை என்று ஆதாரத்தோடு வாதாடி, அன்றைக்கு அப்பளம் கிடைக்காமல் திரும்பினான். இசக்கித்தாய் வழி தனி வழி. "சரிங்க சார்" என்பாள். பிறகு ஆய்வகத்துக்குப் போய், அவர் சொன்னதற்கு நேர்மாறாக, சரியானதைச் செய்து வைத்துவிட்டு வருவாள். பாவம், மறுப்பாசானுக்கு வகுப்பில் பேசுவது மட்டுமே கேட்கும். ஆய்வகத்தில் நடப்பது தெரியாது.

முகாமை நடத்தும் முனைவர் தமயந்தியும் ஒரு காலத்தில் இப்படி முதல் பட்டதாரியாக வந்தவர்தான். இந்தப் பெண்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

"ஏட்டி, ஒரே ஒரு தடவை 'இல்ல'ன்னு சொல்லிரேன். என் கண்ணுல்லா."

"சரிங்க மேடம்," என்றாள் இசக்கித்தாய்.

கடைசி நாள் வகுப்பில் மறுப்பாசான் முடிவு சொன்னார். "இசக்கித்தாய் தேறவில்லை. ஆய்வுக்கு ஏற்றவர் அல்ல."

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தோளைத் தொட்டு, "என்னம்மா செய்ய? எனக்கு மனசே கேக்கல. ஆனா அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

இசக்கித்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பிரியம் வைத்தவர் வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை?

"இல்ல மேடம்," என்றாள். "அவரு சொல்லுதது தப்பு. ஆய்வகத்துல வந்து பாருங்க. உப்புத் தண்ணியில பிழைச்ச உயிரு குடுவை குடுவையா இருக்கு. பெரியவங்ககிட்ட சரின்னு சொல்லிட்டு, சரியானத செஞ்சு வைக்கது எங்க ஊரு வழக்கம். எங்க மறுப்பே அதுதான். அது இவருக்குப் புரியலன்னா இவருதான் இன்னும் படிக்கணும். நான் தேறலன்னு எப்படிச் சொல்லலாம்?"

மறுப்பாசான் தொண்டையைக் கனைத்தார்.

"காரணம் வலுவானது. என் முடிவு தவறு. இசக்கித்தாய் தேறினார்."

பிள்ளைகள் அவளைத் தூக்காத குறைதான். தமயந்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனால் மறுப்பாசான் இன்னும் மறையவில்லை.

"முனைவர் தமயந்தி, இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளைத் தேறவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒருமுறைகூட என்னை மறுக்கவில்லை. அடுத்த கோடையில் முதல் வரிசையில் வந்து உட்காருங்கள்."

தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க சார்," என்றார்.