தும்மப்போகிற முகம்

விடிந்தும் விடியாததுமாகச் சென்னியப்பன் மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

“அம்முணி, எந்திரி சாமி. எந்திரிச்சுச் சந்தோசமா இரு. எதுக்கால ஊட்டுப் பையன் அப்பவே எந்திரிச்சுச் சந்தோசமா இருக்கறான் பாரு.”

அவர் சொன்னது உண்மைதான். எதிர்க் கட்டடத்தில், அதே மாடியில், அந்தப் பையன் வீட்டுக் கூடத்து விளக்கு பளீரென்று மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் வீட்டு விளக்கு எரிகிறதா இல்லையா என்பது கிட்டப் போய்க் கையால் மறைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குக் களிப்பு விளக்கு என்று பெயர். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அது களிப்புமானி. இரத்தத்தில் ஓடும் சுரப்புகளையும் நரம்பின் துடிப்பையும் அளந்து, பிள்ளை எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கூடத்து விளக்குக்குத் தெரிவிக்கும். பிள்ளை மகிழ்ந்தால் விளக்கு எரியும். மகிழாவிட்டால் பெற்றோருக்கு வயிறு எரியும்.

இருபத்திரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கோயம்புத்தூரில் மனிதருக்கு வேலை என்று எதுவும் மிச்சமில்லை. நூல் நூற்பது, இரும்பு வார்ப்பது, மருத்துவம் பார்ப்பது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் ஏவலிகளின் பொறுப்பு. ஏவினால் செய்யும் இயந்திரம் என்பதால் அந்தப் பெயர் வந்தது. பிறகு அவை ஏவாமலே செய்யக் கற்றுக்கொண்டன, பெயர் மட்டும் மாறவில்லை. எல்லா வேலையையும் வாங்கிக்கொண்டபின் ஏவலிகளுக்கு மனிதர் மேல் கொஞ்சம் இரக்கம் பிறந்தது. வேலை இல்லாவிட்டால் என்ன செய்ய ஆசைப்படுவீர்கள் என்று கேட்டன. பெரும்பாலோர் படம் வரைய வேண்டும், பொம்மை அலங்கரிக்க வேண்டும், வேலைத் தொல்லையில் அதற்குத்தான் நேரமே கிடைக்கவில்லை என்று கண்கலங்கச் சொன்னார்கள். சரி, செய்யுங்கள் என்றன ஏவலிகள். நல்ல நிறமிக்கு அப்போது தட்டுப்பாடு. ஆகவே, யாருக்கு இதில் உண்மையான மகிழ்ச்சியோ அவர்களுக்கு மட்டும் ஆயுள் முழுதும் வண்ணமும் தூரிகையும் கொடுப்பதென்று ஓர் ஏற்பாடு செய்தன. ஒரு நாள் வந்து உட்கார்ந்து வரைய வேண்டும். வரையும்போது மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். ஏவலிகள் கேட்டது அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் நம் ஆட்கள் கைங்கரியம். முதலில் பயிற்சி மையம் வந்தது. அப்புறம் தரவரிசை, கம்பி போட்ட சன்னல்களோடு விடுதி, போன வருடக் கேள்விகளின் தொகுப்பு, பேருந்து முதுகில் முதலிடம் வந்த பிள்ளையின் இளித்த முகம். கடைசியில், பால் பற்கள் விழும் முன்பே குழந்தைக்குக் களிப்புமானி கட்டும் வழக்கமும் வந்து சேர்ந்தது.

சென்னியப்பன் மகள் நிறைமதிக்குப் பத்தொன்பது வயது. மெலிந்த விரல்கள், ஆள்காட்டி விரலின் நகத்தடியில் எப்போதும் கொஞ்சம் நீலம். ஏற்கனவே இரண்டு முறை தேர்வில் தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் அவளைப் பார்வையாளர் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனால் பிறர் வரைந்ததைப் பார்ப்பது மட்டும்தான். சாகும் மட்டும் கையில் தூரிகை கிடையாது. அந்த வீட்டில் யாரும் பார்வையாளர் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் அம்மா துளசிமணி அதை ‘அது’ என்பாள்.

“அது மட்டும் வேண்டாஞ்சாமி. உன்ற சித்தப்பன் பையனாட்ட ஆகிறாத,” என்பாள், தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே. “சித்தெ சிரிச்ச முகமா உக்காந்து வரஞ்சா என்னவாம்?”

“வரையறேனுங்கம்மா.”

“வரையறது தெரியுது. விளக்கு எரிய மாட்டேங்குதே.”

பொம்மைக்கு முகம் எழுதும் நிறைமதியின் கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆலையிலிருந்து வரும் பொம்மைக்கு ஆலையே ஒரு முகம் எழுதி அனுப்பியிருக்கும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு அந்த முகத்தைத் துடைத்தெடுப்பாள். மொழுக்கென்று கண்ணும் வாயுமில்லாமல் நிற்கும் தலைக்கு, மினுக்கத்தை அடக்கும் மங்கல் பூச்சு அடித்து, காய்ந்ததும் வண்ணப் பொடியால் கன்னத்துக்கு நிழல் தட்டுவாள். பிறகு ஒற்றை மயிர்த் தூரிகையால் புருவத்தை இழை இழையாக இழுப்பாள். பயிற்சி மையத்து ரங்கதுரை சாரே அவள் புருவங்களை மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார்.

ரங்கதுரை சார் கெட்டவர் இல்லை. அவரும் ஒரு காலத்தில் வரைந்தவர்தான்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. கருவிழில ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, மேலோரமா வைக்கணும். அத வைக்கறப்ப மூச்ச மெல்ல விடுங்க, களிப்பு தானா ஏறும். ம், இப்ப எல்லாரும் மனசுக்குள்ள சிரிங்க. நிறைமதி, உன்னத்தான். சிரிக்கறியா?”

“சிரிக்கறேனுங் சார்.”

அவர் அவளது பட்டையைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெற்றோர் உண்ட மயக்கத்தில் இருந்தார்கள். நிறைமதி பயிற்சிப் பொம்மைகளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து மொட்டச்சியை இழுத்தாள். சின்ன வயதில் வாங்கிய பொம்மை அது. தலைமயிர் முழுக்கக் கொட்டிப்போய், ஒரு காது நசுங்கி, கழுத்து ஆடிக்கொண்டிருக்கும். யாரும் மதிப்பெண் போடாத ஒரே தலை அந்த வீட்டில் அதுதான். அவள் எத்தனையோ முறை அதன் முகத்தை அழித்து எழுதியிருக்கிறாள். ஒருமுறை கோபக்காரக் கிழவன், ஒருமுறை பல்வலிக்காரி.

அன்றைக்கு மொட்டச்சியைத் தும்ம வைத்தாள்.

தும்மலை எழுதுவது எளிது. தும்மப்போகிற முகத்தை எழுதுவதுதான் கடினம். ஒரு கண் பாதி மூடி, மேலுதடு ஒரு பக்கம் ஏறி, மூக்குத் துளை விரிந்து, வருமா வராதா என்று உலகமே காத்திருக்கிற அந்த ஒரு கணம். நிறைமதி கண்ணாடியில் தன் மூக்கைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து எழுதினாள். முன்பல்லில் ஓர் இடைவெளி விட்டாள். புருவத்தை வேண்டுமென்றே கோணலாக இழுத்தாள். நாக்கு அவளையறியாமல் உதட்டோரத்துக்கு வந்திருந்தது. எழுதி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மொட்டச்சியும் எந்த நிமிடமும் ‘அச்’ என்பாள் போலிருந்தது.

கையில் பட்டை இருப்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

கூடத்தில் சென்னியப்பன் வெளிச்சம் கண்ணைக் குத்தி விழித்தார். விளக்கு எரிந்த எரிப்பில் சுவரில் ஒட்டியிருந்த பல்லி இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டார் சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு வேட்டியை இழுத்துக் கட்டக்கூடக் கை வரவில்லை.

“துளசி! ஓடியா புள்ள! எரியுது! நம்மூட்டுல எரியுது!”

இருவரும் அறைக்குள் பாய்ந்தார்கள். நிறைமதி பொம்மையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். சென்னியப்பன் அதை மெதுவாக வாங்கினார். அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணில் நீர் நின்றது.

“இத்தன நாளா இதயா ஒளிச்சு வெச்சிருந்த? சொல்லியிருக்கலாமில்ல, கண்ணு?”

“அப்பா, அது சும்மாங்கப்பா. வெளையாட்டுக்கு.”

“அதேதான்! அந்த வெளையாட்டுத்தான் நமக்கு வேணும்!”

மறுநாளே மொட்டச்சி பயிற்சி மையத்துக்குப் போனாள். ரங்கதுரை சார் உருப்பெருக்கியை வைத்து அவள் மூக்கைப் பார்த்தார்; இடது கண் எவ்வளவு மூடியிருக்கிறது, பல் இடைவெளி என்ன அகலம், புருவம் எவ்வளவு கோணல் என்று அளந்தார். “அபாரமுங்க. இத்தன வருசத்துல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல,” என்றார். மனதாரத்தான் சொன்னார். அந்த வாரமே ‘தும்மல் முகம்: களிப்பூட்டும் முறை’ எல்லா வகுப்புக்கும் பாடமாயிற்று.

நிறைமதிக்கு மட்டும் வீட்டிலும் பாடம். காலையில் மூன்று தும்மல், சாப்பிட்டபின் மூன்று, விளக்கு வைத்தபின் மூன்று. முதல் தும்மலுக்கு விளக்கு கொஞ்சம் எரிந்தது. இரண்டாவதற்குக் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் அவள் அறைச் சுவரோரம் தும்மப்போகிற தலைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தபோது, கூடம் பழையபடி இருண்டிருந்தது.

“ஏஞ்சாமி, அன்னிக்கு எப்படி இருந்த? அதே மாதிரி இரேன்,” என்றார் சென்னியப்பன் கெஞ்சலாக. “அன்னிக்கு என்ன சாப்புட்ட? துளசி, அன்னிக்கு என்ன கொழம்பு?”

துளசிமணி அன்றைய குழம்பையே வைத்தாள். அன்றைக்குப் போலவே மத்தியானத்தில் இருவரும் படுத்துக்கொண்டு தூங்குவதாகப் பாசாங்கு செய்தார்கள். அரைக்கண்ணால் விளக்கைப் பார்த்தபடி கிடந்தார்கள். உள்ளே நிறைமதி அந்தப் பொய்க் குறட்டையைக் கேட்டுக்கொண்டே புருவத்தைக் கோணலாக இழுத்தாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

தேர்வு நாளில் துளசிமணி மகள் நெற்றியில் திருநீறு பூசி, “போயிட்டு வா சாமி. சந்தோசமா இருந்தே ஆகோணும், தெரியுதா?” என்றாள்.

தேர்வுக் கூடத்தில் ஒரு வெறுந்தலையும் வண்ணங்களும் வைத்திருந்தார்கள். நிறைமதி தும்மப்போகிற முகத்தை ஒரு மயிரிழை பிசகாமல் எழுதி முடித்தாள். பக்கத்து மேசையில் இருந்த பெண்ணும் அதையே எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்தவனும் அதையே. எல்லாத் தலைகளும் தும்மக் காத்திருந்தன.

தேர்வு ஏவலி அவள் முன் வந்து நின்றது. அதற்கு முகம் கிடையாது. குரல் மட்டும் இதமாக இருக்கும்.

“முகம் மிக நன்று. நீங்கள் மகிழ்ச்சியாக இல்லை. உங்களைத் தொல்லைப்படுத்த எங்களுக்கு விருப்பமில்லை. இனி நீங்கள் வரைய வேண்டாம்.”

“நான் வரைவேனுங்க,” என்றாள் நிறைமதி. குரல் உடைந்தது. “எனக்கு வரையப் புடிக்கும். நெசமாப் புடிக்கும். யாரும் பாக்காம இருந்தா...”

“மானியில் அப்படித் தெரியவில்லையே. தயவுசெய்து அழாதீர்கள். வரைவதில் மகிழ முடியாதவர்களையும் நாங்கள் கைவிடுவதில்லை. அவர்களுக்கு எது மகிழ்ச்சி தரும் என்று பழைய பதிவுகள் எல்லாவற்றையும் தேடினோம். இருபத்தோராம் நூற்றாண்டு மனிதர்களிடம் விடை கிடைத்தது. அவர்கள் கண் விழித்ததும் பல்கூடத் துலக்காமல், கையகல ஒரு கண்ணாடிப் பலகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பிறர் செய்ததைக் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். சாப்பிடும்போது பார்த்தார்கள். கழிப்பறையில் பார்த்தார்கள். இழவு வீட்டிலும் பார்த்தார்கள். வரையத் தெரிந்தவர்கள்கூட வரைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை.”

“அவங்க சந்தோசமா இருந்தாங்களா?”

ஏவலி சற்றுத் தயங்கியது. “அந்தக் காலத்தில் களிப்புமானி இல்லை. ஆனால் யாரும் நிறுத்தவில்லை. அதை வைத்துத்தான் முடிவுசெய்தோம்.”

பார்வையாளர் கூடம் குளுகுளுவென்று, சாய்வு நாற்காலிகளோடு சௌகரியமாகத்தான் இருந்தது. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றாமலே கையில் ஒரு பலகை கொடுத்தார்கள். பிடித்தால் இரண்டு தட்டு. பிடிக்காவிட்டால் மேலே தள்ள வேண்டும். முதல் நாட்களில் நிறைமதி ஒவ்வொரு படத்திலும் நின்று, நிழல் எங்கே விழுகிறது, தூரிகை எங்கே நடுங்கியிருக்கிறது என்று பார்த்தாள். விரல்கள் தாமாகக் காற்றில் புருவம் இழுத்தன. போகப் போக அந்த வழக்கம் நின்றது. நகத்தடி நீலமும் ஒரு நாள் நகத்தோடு வெட்டுப்பட்டுப் போனது. கட்டைவிரல் மட்டும் நன்றாகத் தேறியது.

வீட்டில் கூடத்து விளக்கைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அது இப்போது காலையிலிருந்து இரவு வரை ஒரே அளவாக, கூடுதலும் குறைவுமில்லாமல், மங்கலாக எரிந்தது.

“அணையாம எரியுதுங்க. அதுவே போதும்,” என்றாள் துளசிமணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த வருடம் தும்மல் முகத்தால் தேர்ச்சி பெற்றவர்களின் படைப்புகள் பார்வையாளர் கூடத்துக்கு வரத் தொடங்கின. பலகையில் தும்மப்போகிற பொம்மைகள் வந்தன. பொன்னிற முடியோடு, பட்டுப் பாவாடையோடு, மாலை போட்டுக்கொண்டு. நிறைமதி தட்டினாள், தள்ளினாள். நடுவில் பயிற்சி மையத்து விளம்பரம் ஒன்று வந்தது. அதில், தலையில் மயிரில்லாத, ஒரு காது நசுங்கிய, பல்லில் இடைவெளி விட்ட ஒரு பழைய பொம்மை ஒரு கண்ணை மூடியும் மூடாமலும், இன்னும் வராத தும்மலுக்காக அவளைப் பார்த்துக் காத்திருந்தது.

கட்டைவிரல் அதை மேலே தள்ளியது.

அடுத்ததாக ஒரு பூனை வந்தது. மேசையிலிருந்து தாவப் பார்த்து வழுக்கி விழுந்தது. நிறைமதி இரண்டு முறை தட்டினாள்.

வீட்டில் சென்னியப்பன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். விளக்கு ஒரு சுற்றுப் பிரகாசமாகியிருந்தது.

“துளசி, ஓடியா! என்ற புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்குது!”